அத்திம்பேரின் தலையளவு

அந்த ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டு வந்தவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. மயிலாப்பூரில் சித்திரக்குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு மாடிப் போர்ஷனில் மனைவியோடும் குழந்தையோடும் இருந்தேன். மவுண்ட் ரோட்டில் ஆபீஸ். பஸ்ஸில் போய் பஸ்ஸில் வருவேன். வண்டி ஓட்ட எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. அக்கா அடையாறில் இருந்தாள். அவள் கணவரை நான் அத்திம்பேர் என்று கூப்பிடுவேன். திருவல்லிக்கேணிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் மேல்வகுப்புக்குக் கணக்கு வாத்தியார். ஒடிசலான மனிதர், முன்மண்டை முழுக்க வழுக்கை. குழம்பில் உப்பு போட மறந்திருந்தால்கூட வாய் திறக்கமாட்டார். ஜாடியை எட்டி எடுத்துத் தானே போட்டுக்கொண்டு சாப்பிட்டு எழுந்துவிடுவார். தினமும் காலையில் ஒரு பழைய ஸ்கூட்டரில் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, சாந்தோம் வழியாகப் பள்ளிக்கூடம் போவார்.

ஒருநாள் அக்கா ஆபீசுக்குப் போன் செய்தாள். அவர்கள் தெருவில் ஒரு பையன் மோட்டார் பைக்கில் விழுந்து மண்டையில் அடிபட்டுக் கிடக்கிறான் என்றாள்.

"அவருக்கு ஒரு ஹெல்மெட் வாங்கணும்டா. அவர்கிட்ட சொன்னா, பார்க்கலாம், பார்க்கலாம்னுண்டே இருக்கார். நீ மவுண்ட் ரோட்லதானே இருக்கே. நல்லதா ஒண்ணு பார்த்து வாங்கிண்டு வந்துடேன்."

அடுத்த நாளே மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்கு நடந்தேன். வண்டிச் சாமான் விற்கிற கடைகள் வரிசையாக இருக்கிற தெரு. ஒரு சின்னக் கடையின் வாசலில் கயிறு கட்டி ஹெல்மெட்டுகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். கடைக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். தலையில் வெள்ளைக் குல்லா, கழுத்தில் தையற்காரர் போல ஒரு அளவு டேப்.

"உனக்கா சார்?"

"இல்லை. எங்க அக்கா வீட்டுக்காரருக்கு."

"அவரு எங்க கீறாரு?"

"அடையாறுல."

"அப்ப அவரையே இட்டுனு வா சார். தலை இல்லாம ஹெல்மெட் வாங்கக் கூடாது."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அளவாச்சும் கீதா? புருவத்துக்கு மேல ஒரு விரல் வுட்டு, பின்னால எங்க மண்டை துருத்திக்கினு கீதோ அங்க சுத்தி, ஒரு நூலு வெச்சு அளந்துகினு வந்தாக்கூடப் போதும். நான் பார்த்துக்கறேன்."

எனக்கு நேரம் இல்லை. ஆபீசுக்குத் திரும்ப வேண்டும். ஒரு ஹெல்மெட்டை வாங்கி என் தலையிலேயே மாட்டிப் பார்த்தேன். உள்ளே சுற்றளவு 580 மில்லிமீட்டர் என்று போட்டிருந்தது. கன்னத்தை இறுக்கியது. அடுத்ததை எடுத்தேன். அதில் 600. சுகமாக இறங்கியது. இதையே கொடுங்கள் என்றேன். சின்னதாக இருந்தால்தானே நுழையாது, பெரியதாக இருப்பதில் என்ன தப்பு என்று நினைத்தேன். குழந்தைக்குச் சட்டை வாங்குகிற புத்தி.

கடைக்காரர் கையில் கொடுக்கும்போதும் விடவில்லை. "சட்டை தொளதொளன்னு இருந்தா பரவாயில்ல சார். இது அப்படி இல்ல. போட்டுப் பார்க்கச் சொல்லு. ஆடுச்சுன்னா ஒரு வாரத்துல கொண்டா, மாத்திக் குடுக்கறேன்."

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அடையாறு போய்க் கொடுத்தேன். அத்திம்பேர் கூடத்துக் கண்ணாடி முன்னால் நின்று மாட்டிக்கொண்டார். அக்கா பின்னால் நின்று பார்த்தாள்.

"எப்படி இருக்கு அத்திம்பேர்?"

"பிரமாதம். தலைக்கு மேல ஒரு ரூம் எடுத்துக் கட்டின மாதிரி இருக்கு."

எல்லாரும் சிரித்தோம். அவர் அக்கா பக்கம் திரும்பினார். முதலில் முகம் திரும்பியது. ஒரு நொடி கழித்து ஹெல்மெட் திரும்பியது. நான் அதைப் பார்த்தேன். கடைக்காரர் மாற்றித் தருவதாகச் சொன்னது நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் அக்கா, "சாப்பிட வாங்கோ, ஆறிடறது" என்றாள். சாப்பிடப் போனோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

எட்டு மாதம் அதைப் போட்டுக்கொண்டு போனார்.

மழை விட்டிருந்த ஒரு காலையில் ஆபீசுக்குப் போன் வந்தது. சாந்தோம் தாண்டி நொச்சிக்குப்பத்துக்குத் திரும்புகிற இடத்தில் மீன் கூடை வைத்த சைக்கிள் ஒன்று குறுக்கே வந்திருக்கிறது. அவர் பிரேக் போட்டிருக்கிறார். வண்டி சறுக்கிவிட்டது. வேகமே இல்லை என்று பார்த்தவர்கள் எல்லாருமே சொன்னார்கள். அங்கிருந்தவர்கள்தான் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா நடையில் நின்றுகொண்டிருந்தாள். புடவைத் தலைப்பை இரண்டு கையாலும் முறுக்கிப் பிடித்திருந்தாள். ஒரு இளம் டாக்டர் வந்து கேட்டார்.

"ஹெல்மெட் போடலையா அவர்?"

"போட்டுண்டுதான் போனார். நான் வாசல்ல நின்னு பார்த்தேன்" என்றாள் அக்கா.

டாக்டர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்படின்னா கழண்டிருக்கணும்மா. இடது பக்கம் நேரா அடி விழுந்திருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பட்டையை மாட்டாமல் போயிருப்பார் என்று அக்கா சொல்லிக்கொண்டாள். நானும் அப்படித்தான் இருக்கும் என்றேன். அப்படி இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன் என்பதுதான் உண்மை.

மூன்றாம் நாள், வண்டியைப் பார்க்க நொச்சிக்குப்பத்துக்குப் போனேன். சாலையோரத்தில் மீன் விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண் என்னைக் கூப்பிட்டாள்.

"அந்த வாத்தியாரு ஊட்டு ஆளா நீ? எப்படிக்கீறாரு?"

"இன்னும் கண் முழிக்கலை."

அவள் பலகைக்கு அடியில் கையை விட்டு ஒரு சாக்குப் பையை இழுத்தாள். உள்ளே ஹெல்மெட் இருந்தது.

"நாந்தான் எடுத்து வெச்சேன். என் கண்ணு எதிருக்க நடந்துச்சு சார். அவரு சாஞ்சாரு பாரு, மொதல்ல இதுதான் தலையவுட்டுக் கழண்டுகினு அப்படியே உருண்டுச்சு. அதுக்கப்புறந்தான் அவரு தலை ஓரக்கல்லுல மோதுச்சு. தலை தனியா, தொப்பி தனியா."

வாங்கிப் பார்த்தேன். ஒரு பக்கம் கொஞ்சம் சிராய்த்திருந்தது, அவ்வளவுதான். தாடைப் பட்டை மாட்டியபடியே இருந்தது. கொக்கி கழலவில்லை, பட்டை அறவில்லை. உள்ளே நாலாக மடித்த ஈரிழைத் துண்டு ஒன்று, உச்சியில் அமுக்கி வைத்திருந்தது. தலை ஆடாமல் இருக்க அவரே வைத்துக்கொண்ட துண்டு.

நான் அந்தப் பலகைக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள், மயக்கம் என்று நினைத்து, குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தாள்.

ஹெல்மெட்டை அக்காவிடம் கொண்டுபோகவில்லை. எங்கள் வீட்டுப் பீரோவுக்கு மேலே, பெட்டிக்குப் பின்னால் தள்ளி வைத்தேன். மனைவி பார்த்துவிட்டாள். நடந்ததை எல்லாம் அவளிடம் சொன்னேன்.

"அக்கா கேட்டா என்ன சொல்லப்போறேள்?"

"கேக்கமாட்டா."

"கேக்காட்டாலும் சொல்லணுமோல்லியோ?" என்றாள். நான் பெட்டியை இன்னும் முன்னால் நகர்த்தி ஹெல்மெட்டை மறைத்தேன்.

பத்தாம் நாள் அத்திம்பேர் கண்களைத் திறந்து ஆளைப் பார்த்தார். ஐந்து வாரம் கழித்து வீட்டுக்கு வந்தார். கை கால் விளங்கியது. நடந்தார், சாப்பிட்டார். வார்த்தைகள்தான் போய்விட்டன. எல்லா வார்த்தையும் இல்லை; பெயர்கள். சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு, "இது... தலைக்கு... இழுக்கறது" என்பார். நாற்காலி, ஜன்னல், பால், எதுவும் வரவில்லை. அக்காவின் பெயர் வரவில்லை. அவளைக் கூப்பிட வேண்டுமென்றால் கையைத் தட்டுவார். முதல்முறை அப்படித் தட்டியபோது அவள் ஓடிவந்து, "என்னன்னா?" என்றாள். அவர் கன்னமெல்லாம் நனைய நின்றுகொண்டிருந்தார்.

ஆனால் எண்கள் போகவில்லை. தேதி சொல்வார். பஸ் நம்பர் சொல்வார். பழைய மாணவர்கள் வந்து ஒரு கணக்கைக் கொடுத்தால் பேசாமல் போட்டுக் காட்டுவார். அதை ஒரு வகுப்புக்கு முன்னால் நின்று சொல்லிக்கொடுக்க அவரால் முடியாது. பள்ளிக்கூடத்தில் நீண்ட லீவு கொடுத்தார்கள்.

தி. நகரில் பேச்சுப் பயிற்சி தருகிற ஒரு அம்மாளிடம் வாரம் மூன்று நாள் போகவேண்டும் என்று டாக்டர் சொன்னார். பஸ் கூட்டத்தில் அவர் நடுங்கினார். பாதி வழியில் இறங்க வேண்டும் என்று அக்காவின் தோளைப் பிடித்து இழுப்பார். ஆட்டோ கிடைக்கிற நாள் கிடைக்கும், கிடைக்காத நாள் இல்லை. நாலைந்து வாரம் இப்படி அலைந்த பிறகு அக்கா ஒரு முடிவுக்கு வந்தாள். கியர் இல்லாத ஸ்கூட்டர் ஒன்றைப் பழசாக வாங்கினாள்.

"நானே ஓட்டிண்டு போறேன்."

நாற்பது வயதில் என்ன விபரீதம் இது, அதுவும் இவ்வளவு பட்ட பிறகு என்று உறவில் ஒருவர் பாக்கியில்லாமல் கேட்டார்கள். அவள் யாருக்கும் பதில் சொல்லவில்லை. என்னிடம் மட்டும், "ரெண்டு ஹெல்மெட் வேணும். நீ அன்னிக்குப் போன கடைக்கே போலாம். இந்தத் தடவை நானும் வரேன், அவரையும் அழைச்சுண்டு வரேன்" என்றாள்.

அந்தக் கடை வேண்டாம், தி. நகரிலேயே பார்க்கலாம் என்றேன். ஏன் என்றாள். சரி, அங்கேயே போகலாம் என்றேன்.

சனிக்கிழமை காலையில் மூன்று பேரும் போனோம். அதே கடைக்காரர். என்னை அவருக்கு நினைவில்லை. என்னைப் போல எத்தனை பேர் வந்துபோயிருப்பார்கள். அக்காவுக்கு முதலில் அளவெடுத்தார்.

"அம்மா, கொண்டை இருந்தா இது உக்காராது. கழுத்தாண்ட எறக்கிக் கட்டிக்கணும்."

தெருவில் ஆட்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். அக்கா ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. அங்கேயே கொண்டையை அவிழ்த்து, தாழ்வாகப் பின்னி முடிச்சுப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

அடுத்து அத்திம்பேர். ஸ்டூலில் உட்காரவைத்தார். புருவத்துக்கு மேலே ஒரு விரல் விட்டு டேப்பைச் சுற்றினார். காயத் தழும்பைப் பார்த்ததும் கை மெதுவானது. மூன்று தடவை அளந்தார்.

"ஐநூத்தி அறுவது. சின்ன தலைதான் உங்களுக்கு."

"ஐநூத்தி அறுபது" என்றார் அத்திம்பேர்.

எண் என்பதால் தெளிவாக வந்தது. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அது... அறுநூறு."

பழைய ஹெல்மெட்டுக்குள் ஒட்டியிருந்த சீட்டை அவர் என்றைக்கோ படித்திருக்கிறார். மறக்கவில்லை. "நாற்பது" என்றார். இரண்டு உள்ளங்கைகளையும் தலையின் இரு பக்கமும் கொஞ்சம் தள்ளி நிறுத்திக்கொண்டார். "சுத்தி நாற்பதுன்னா... குறுக்க... பன்னண்டே முக்கால். இந்தப் பக்கம் ஆறு. அந்தப் பக்கம் ஆறு சொச்சம்."

விட்டம் என்ற வார்த்தை வரவில்லை. கணக்கு சரியாக வந்துவிட்டது. இரண்டு பக்கமும் ஆறு மில்லிமீட்டர் காலி இடம். ஒரு சுண்டுவிரல் அகலம்கூட இல்லை.

கடைக்காரருக்குப் புரியவில்லை. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். இனிமேல் சொல்லாமல் இருக்க என்னால் ஆகவில்லை.

"இவர் அன்னிக்கே சொன்னார்க்கா. தலையளவு கொண்டுவான்னார். ஆடினா ஒரு வாரத்துல மாத்தித் தரேன்னும் சொன்னார். நான் என் தலைக்குப் போட்டுப் பார்த்து வாங்கிண்டு வந்தேன். அத்திம்பேர் தலையில அது ஆடித்து. உங்காத்துக் கண்ணாடி முன்னாலயே பார்த்தேன். சொல்லலை. பட்டை மாட்டித்தான் இருந்ததுக்கா. மீன்காரம்மா என்கிட்ட குடுத்தா. பட்டை மாட்டினது மாட்டினபடியே கழண்டு வந்திருக்கு."

கடைக்காரர் கையிலிருந்த டேப்பை மெல்லச் சுருட்டினார். "யா அல்லா" என்று தனக்குள் சொல்லிக்கொண்டது எனக்குக் கேட்டது.

அக்கா பின்னல் முடிச்சை ஒருமுறை இறுக்கிக்கொண்டாள். பிறகு என்னைப் பார்க்காமல், தெருவைப் பார்த்துச் சொன்னாள்.

"ஹெல்மெட்டுக்குள்ள வெச்சுப்பாரே, அந்தத் துண்டை தெனமும் நான்தான் தோய்ச்சுக் காயப்போட்டேன். வேர்வைக்காக வெச்சுக்கறார்னு நெனச்சேன்." நிறுத்தினாள். "இல்லை. அப்படி நெனச்சுண்டேன். ஒரு நாள் ஏன்னான்னு கேட்டிருக்கலாம்."

அத்திம்பேர் ஸ்டூலிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தார். கையை ஆட்டி எங்களை நிறுத்தினார்.

"நான். நான் சொல்லலை. நீ... ஆசையா... வாங்கிண்டு வந்தே. அதான்."

விபத்துக்குப் பிறகு அவர் அவ்வளவு சேர்ந்தாற்போலப் பேசி நாங்கள் கேட்டதில்லை.

கடைக்காரர்தான் எங்களை மீட்டார். உள்ளே போய் 560 ஒன்றை எடுத்துவந்து, பட்டைகளை இரு பக்கமும் இழுத்து விரித்து, அத்திம்பேரின் தலையில் அழுத்தி இறக்கினார். இரண்டு கையாலும் ஹெல்மெட்டைப் பிடித்துக்கொண்டு, "தலையை மட்டும் திருப்புங்க ஐயா" என்றார். திருப்பும்போது நெற்றித் தோல் கூடவே இழுபட்டது. "பாத்தீங்களா? தோலு கூட வரணும். தோலு நின்னு இது மட்டும் சுத்துச்சுன்னா வாங்காதீங்க." பிறகு பட்டையை மாட்டிவிட்டு, பின்பக்கம் கையைக் கொடுத்து முன்னால் உருட்டித் தள்ளிப் பார்த்தார். நகரவில்லை.

"இறுக்கம்" என்றார் அத்திம்பேர்.

"பத்து நாள் அப்படித்தான் இருக்கும். அப்புறம் பஞ்சு அமுங்கி, உங்க தலைக்குன்னு பழகிக்கும். ஆனா ஒரே எடத்துல குத்தக் கூடாது. குத்துதான்னு இப்பவே தெரியணும். கால் மணி நேரம் கழட்டாம உக்காருங்க. அம்மா, நீங்களும்."

கடை வாசல் பெஞ்சில் அக்காவும் அத்திம்பேரும் ஹெல்மெட் போட்டுக்கொண்டு அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். போகிறவர்கள் வருகிறவர்கள் பார்த்தார்கள். இரண்டு கல்லூரிப் பையன்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். அக்கா நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் ஒருமுறை அத்திம்பேரின் கை அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டது. கால் மணி நேரமும் நான் நின்றுகொண்டே இருந்தேன். கழற்றியபோது அவர் நெற்றியில் வட்டமாக ஒரு சிவப்புத் தடம் இருந்தது. கடைக்காரர் அதை விரலால் தடவிப் பார்த்து, எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கிறது, சரியான அளவுதான் என்றார்.

திரும்பும்போது மூவரும் ஒரே ஆட்டோவில் வந்தோம். மயிலாப்பூர் லஸ் முனையில் அக்கா, "நீ இங்கேயே எறங்கிக்கோ" என்றாள். இறங்கிக்கொண்டேன்.

மூன்று வாரம் அவளிடமிருந்து போன் இல்லை. நான் செய்தால் எடுத்து, என்ன வேண்டும் என்பாள், ஒன்றுமில்லை என்பேன், வைத்துவிடுவாள். நாலாவது வாரம் அவளே கூப்பிட்டாள்.

"ஞாயித்துக்கிழமை கார்த்தால அஞ்சரைக்குப் பெசன்ட் நகருக்கு வா. வண்டி பழகணும். பின்னாடி பிடிச்சுக்க ஆள் வேணும். இவரால ஓட முடியாது. உன்மேல கோவம் போகலை. ஆனாலும் நீ வரணும்."

ஆறு ஞாயிற்றுக்கிழமை, கடற்கரைக்குப் போகிற அகலமான தெருக்களில், ஸ்கூட்டரின் பின்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவளோடு ஓடினேன். அத்திம்பேர் கோயில் பக்கத்து மதிலில் உட்கார்ந்து, நாங்கள் எத்தனை சுற்று வந்தோம் என்று எண்ணிச் சொல்வார். ஒருநாள் அந்தப் பழைய ஹெல்மெட்டைக் கொண்டுவரச் சொன்னாள். கொடுத்தேன். அதைக் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தாள். பிறகு பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து இரண்டு பட்டையையும் வெட்டினாள். "யாராவது எடுத்துப் போட்டுண்டுடப் போறா" என்று சொல்லிவிட்டுக் குப்பைத் தொட்டியில் போட்டாள்.

லைசென்ஸ் கிடைத்த மறுவாரத்திலிருந்து தி. நகருக்கு அவள்தான் அவரை ஏற்றிக்கொண்டு போனாள், ஏறக்குறைய மூன்று வருஷம். பல பெயர்கள் திரும்பி வந்தன. முதலில் சாப்பாட்டுச் சாமான்கள், பிறகு வீட்டுப் பொருள்கள். ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம் அக்காவின் பெயர் வந்தது. பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவளைக் கூடத்திலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டாராம். போனில் அவர் கூப்பிட்ட மாதிரியே இரண்டு தடவை சொல்லிக் காட்டினாள். பள்ளிக்கூடத்துக்கு அவர் திரும்பவே இல்லை. வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு, கரும்பலகையில் எழுதிக் காட்டியே, பேச்சில்லாமல் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். அவர்கள் நன்றாகவே படித்தார்கள்.

என் பெயர் அவருக்கு வரவேயில்லை. கடைசிவரை வரவில்லை. பயிற்சி கொடுத்த அம்மாள், சில பெயர்கள் அப்படித்தான் விட்டுப்போகும், அதற்குக் காரணம் தேடாதீர்கள் என்று அக்காவிடம் சொன்னாளாம். நான் போன் செய்தால் அவர்தான் பெரும்பாலும் எடுப்பார். என் குரல் அவருக்குத் தெரியும். சௌக்கியமா என்பார், குழந்தை எத்தனாவது படிக்கிறாள் என்பார், நான் பதில் சொன்னதும் ரிசீவரிலிருந்து வாயை எடுத்து உள்ளே பார்த்துச் சொல்வார்: "இந்தா... உன்னோட... அவன்."

அக்கா வந்து ரிசீவரை வாங்கிக்கொள்வாள்.